மணற்காட்டு நெகற்றிவ்

"ஒரே இடத்தை எத்தனை முறைதான் படம் பிடிப்பீர்?" என்று நண்பர் ஒருவர் வினவினார். வடமராட்சி கிழக்கிலுள்ள மணற்காட்டுக்கு நான் கமராவுடன் அடிக்கடி செல்வதை அறிந்தவர் அவர்.

அங்குள்ள மணற்குன்றுகள் நேற்றிருந்தபடி இன்றிருப்பதில்லை. காற்று அவற்றை ஓயாது மாற்றுகின்றது. இடிந்த அந்தோனியார் கோயிலும் சேமக்காலைச் சிலுவைகளும் அம்மணலிடையே நிற்கின்றன. உச்சிவெயிலில் யாவும் வெளிறிக் கிடக்கும். மாலைச் சாய்வெயிலிலோ ஒவ்வொரு மணல்வரியும் தன் நிழலுடன் எழும். ஆகவே, என் கலையிற் பாதி காத்திருத்தலே.

மறுபாதியை எனக்கு உணர்த்தியவர் அமெரிக்கரான அன்சல் அடம்ஸ் (1902–1984). 1941இல் நியூ மெக்சிக்கோவின் ஹேர்னாண்டஸ் என்னுஞ் சிற்றூரில், கீழ்வானில் நிலவெழ, சேமக்காலைச் சிலுவைகள் அந்திவெயிலில் ஒளிர்வதை அவர் கண்டார். ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளியளவை நினைவிலிருந்து கணித்து ஒரு படம் எடுத்தார்; அடுத்த படத்துக்குள் வெயில் அகன்றுவிட்டது. அந்த ஒரே நெகற்றிவைப் பல்லாண்டுகள் மீண்டும் மீண்டும் அச்சிட்டார். பிற்கால அச்சுக்களில் வானம் மேன்மேலுங் கறுத்தது. பியானோ பயின்ற அவர், நெகற்றிவை இசைக்குறிப்புக்கும் அச்சினை வாசிப்புக்கும் ஒப்பிட்டார்.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்கு முன் எடுத்த மணற்காட்டு நெகற்றிவ் ஒன்று என்னிடம் உண்டு. மணலின் அழகை மட்டுமே நாடிய நான், கரையோரக் குடிசைகளை அன்று இருளில் ஆழ்த்தி அச்சிட்டேன். அக்குடிசைகள் இன்றில்லை. இப்பொழுது இருட்டறையிலிருந்து அவ்விருளைச் சிறிது சிறிதாக நீக்கி வருகிறேன்.

நண்பருக்கு நான் அனுப்பிய புதிய அச்சில், ஒரு வாசலும் அதனருகே உலரும் வலையும் தெரிகின்றன.