உங்களுக்குத் தெரியுமா? காரை இணைக்கும் இரண்டு கம்பிகள்

இன்ஜின், பிரேக், ஏர்பேக், கதவுக் கண்ணாடி என இன்றைய காருக்குள் பல மைக்ரோகன்ட்ரோலர்கள் வேலை செய்கின்றன. அவை தகவல் பரிமாறிக்கொள்ள, ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டே கம்பிகள் போதும். 'கேன் பஸ்' எனப்படும் இந்த முறையை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-ல் உருவாக்கத் தொடங்கி, 1986-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் அறிமுகம் செய்தது.

மைக்ரோகன்ட்ரோலரை அந்தக் கம்பிகளில் நேரடியாக இணைக்க முடியாது. நடுவே 'டிரான்சீவர்' என்ற சிப் வேண்டும். சும்மா இருக்கும்போது இரு கம்பிகளிலும் சுமார் 2.5 வோல்ட். பூஜ்யத்தை அனுப்பும்போது ஒன்று 3.5-க்கு ஏறும், மற்றது 1.5-க்கு இறங்கும். எதிர்முனை கவனிப்பது இந்த வித்தியாசத்தை மட்டுமே. அதனால் இரு கம்பிகளிலும் சமமாகப் படியும் மின் இரைச்சல் தகவலைக் கெடுப்பதில்லை.

இரண்டு சிப்கள் ஒரே நொடியில் பேசத் தொடங்கினால்? இங்கேதான் வடிவமைத்தவர்களின் மேதைமை. ஒவ்வொரு செய்தியும் ஓர் அடையாள எண்ணுடன் தொடங்குகிறது. கம்பியில் பூஜ்யம் எப்போதும் ஒன்றை அமுக்கிவிடும். ஆகவே ஒன்றை அனுப்பிவிட்டுப் பூஜ்யத்தைக் காணும் சிப் உடனே ஒதுங்கிக்கொள்கிறது. சிறிய எண்ணுள்ள அவசரச் செய்தி ஒரு பிட்கூடச் சிதையாமல் போய்ச் சேரும். ஒதுங்கியது பிறகு மீண்டும் அனுப்பும்.

கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை கட்டாயம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மல்டிமீட்டரில் அளந்தால் சுமார் 60 ஓம் வர வேண்டும். 120 காட்டினால் சிப்பை மாற்றாதீர்கள்; முதலில் முனைகளைப் பாருங்கள்.