சைலன்சரை மாற்றுமுன்

ரயில் சந்திப்பு அமைந்துள்ள சூரமங்கலத்தில் இரவிலும் வாகன ஓட்டம் ஓய்வதில்லை. கம்பீரமான ஒலிக்காகச் சைலன்சர் மாற்றப்பட்ட ஒரு கார் கடந்து சென்றாலே போதும், வார்டில் உறங்கும் நோயாளர் திடுக்கிட்டு விழிப்பர்.

எஞ்சினிலிருந்து அழுத்தத்துடன் வெளியேறும் புகை பேரொலி எழுப்பும். சைலன்சரிலுள்ள அறைகளும் துளையிட்ட குழாய்களும் அவ்வொலியைத் தணிக்கின்றன. புகையைத் தூய்மையாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் சிலர் கழற்றிவிடுகின்றனர். அதனால் கார்பன் மோனாக்சைடு மிகும். இணைப்பில் கசிவு இருப்பின், மணமற்ற அந்நச்சு வாயு காருக்குள் புகுந்து தலைவலியும் மயக்கமும் உண்டாக்கும், உயிருக்கும் ஆபத்தாகலாம்.

85 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியை நெடுநேரம் கேட்டுவந்தால் உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் சிதையும். சிதைந்தவை மீண்டும் வளர்வதில்லை. ஆகவே முதல் இழப்பு ஓட்டுபவருக்கே. உறங்குபவர் விழிக்காவிடினும், திடீர் ஒலி இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தக்கூடும். இதய நோயாளருக்கு இது நல்லதன்று.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட மருத்துவமனைச் சுற்றுப்புறத்தில் வரம்பு பகலில் 50, இரவில் 40 டெசிபல். ஒலி வரம்பை மீறும் வாகனத்தை ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டப்படி முதன்முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

சைலன்சரை மாற்றியே ஆகவேண்டுமெனில், வாகனத் தயாரிப்பாளர் அங்கீகரித்ததையே பொருத்துங்கள். காதில் இரைச்சலோ கேட்பதில் மந்தமோ தோன்றினால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.