சுரத்துக்கு முன்னே பேசும் ரத்தம்

1954ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் தேதி, பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மரேயும் அவருடைய சகாக்களும் இரட்டையர்களில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தியபோது, இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்தவர்களாகையால், அதைத் தேகம் அந்நியமென்று தள்ளவில்லை. அந்தப் பாக்கியம் வாய்க்காத ஏனையோர், பெற்ற சிறுநீரகத்தைக் காக்கும்பொருட்டு, டாக்ரோலிமஸ், பிரெட்னிசோலோன் முதலிய மருந்துகளால் தங்கள் எதிர்ப்புச் சக்தியைத் தாமே அடக்கி வைத்து வாழ வேண்டியிருக்கிறது.

நிமோனியாவில் சுரமும் நடுக்கமும் உண்டாவது, கிருமியை எதிர்த்துத் தேகம் நடத்தும் போராட்டத்தினால்தான். மேற்சொன்ன மருந்துகளால் அப்போராட்டம் தணிந்துபோன நோயாளிக்கு, நுரையீரலில் கிருமி வேரூன்றிய பின்னும், வறட்டு இருமலும் படியேறும்போது சற்றே மூச்சு வாங்குவதும் தவிர வேறொன்றும் தோன்றாமலிருக்கலாம். ஆகவே வைத்தியர் ரத்தத்தை விசாரிக்கிறார்.

1930இல் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்ட சி.ஆர்.பி. என்னும் புரதம், அழற்சி தொடங்கிய சில மணி நேரத்தில் ஈரலிலிருந்து பெருகத் தொடங்கும். எனினும் அழற்சிக்குக் காரணம் கிருமியா, அறுவைப் புண்ணா என்பதை அது பிரித்துரைக்காது. புரோகால்சிடோனின் என்னும் மற்றொரு புரதம் பாக்டீரியாவினால் ஏறும், வைரஸினால் பெரும்பாலும் ஏறாது. ஆனால் சிறுநீரகம் தளர்ந்தபோதும் அது சற்று உயர்ந்திருக்கும். மொத்த வெள்ளணுக்களின் எண்ணிக்கையோ பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தினாலேயே கூடிவிடுவதால், அவற்றுள் லிம்போசைட் என்னும் வகை குறைந்து வருகிறதா என்று கவனிப்பது அதிகப் பிரயோஜனமானது. நியூமோசிஸ்டிஸ் என்னும் பூஞ்சை நுரையீரலைப் பற்றினால் எல்.டி.எச். என்னும் நொதியும், பூஞ்சையின் சுவரிலுள்ள பீட்டா-டி-குளூக்கனும் ரத்தத்தில் மிகும். சைட்டோமெகலோ வைரஸைப் பி.சி.ஆர். பரிசோதனை காட்டிக்கொடுக்கும்.

இவற்றுள் எதுவும் தனித்து நின்று தீர்ப்புச் சொல்லத் தக்க சாட்சியன்று. பல குறிகளை ஒருங்கே நோக்கி, நோயாளியின் முந்தைய அளவுகளோடு ஒப்பிட்டு, மார்பின் சி.டி. படத்தையும் உடன்வைத்துப் பார்த்தே வைத்தியர் நிச்சயத்துக்கு வருவார். ஆதலால், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவராயின், பழைய பரிசோதனைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை நீங்களாகக் குறைக்காதீர்கள். சுரம் வரட்டும் பார்க்கலாம் என்று காத்திராமல், மூச்சு வாங்கிய அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள். ரத்தம் எவ்வளவு முன்னதாக உண்மையை அறிந்திருப்பினும், கேட்பவரிடம்தான் அதைச் சொல்லும்.