பால் பல்லும் இரவுப் பாலும்

இரண்டு வயதுக் குழந்தையின் மேல்வரிசை முன்பற்கள் ஈறோரத்தில் வெளுத்து, பழுப்பேறி, கரையத் தொடங்கினால் வீட்டில் எழும் முதல் கேள்வி, “இன்னுமா பால் கொடுக்கிறாய்?” என்பதுதான். பழி தாயின் மேல் விழுகிறது. ஆனால் சொத்தையைத் தீர்மானிப்பது பால் மட்டுமல்ல. அது எந்நேரத்தில், எத்தனை முறை, எதோடு சேர்ந்து பல்லில் படிகிறது, அந்தப் பல் துலக்கப்படுகிறதா என்பவையும் சேர்ந்துதான். வாயிலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அமிலம் எனாமலை அரிக்கிறது. பகலில் உமிழ்நீர் அதைக் கழுவி, இழந்த தாதுக்களை மீட்டுத் தருகிறது. தூக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும். புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தை தூங்கினால், பால் மேல்பற்களைச் சூழ்ந்து நிற்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

அப்படியானால் தாய்ப்பாலுக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது, ஆனால் அளவோடுதான். ஓராண்டு வரை தாய்ப்பால் குடிப்பது பற்களுக்குக் கேடு செய்வதில்லை. பாதுகாப்பே என்கின்றன பல ஆய்வுகளை ஒருங்கே எடைபோட்ட மதிப்பீடுகள். பிரேசிலின் பெலோட்டாஸ் நகரில் 2004-இல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2017-இல் வெளியானது. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தாய்ப்பால் குடித்தவர்களுக்குக் கடும் சொத்தை வரும் வாய்ப்பு, ஓராண்டுக்குள் நிறுத்தியவர்களைவிட 2.4 மடங்கு. சர்க்கரை உண்ட அளவைக் கணக்கில் கொண்ட பிறகும் இந்த வேறுபாடு மறையவில்லை. 13 முதல் 23 மாதம் வரை குடித்தவர்களிடமோ அப்படி எதுவும் தெரியவில்லை. எனவே, இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் தரலாம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையைக் கைவிட இதில் நியாயமில்லை. பல் முளைத்த பிறகு இரவெல்லாம் பால் கொடுத்துக்கொண்டே, பல்லைக் கவனிக்காமல் விடக் கூடாது என்பதே இதன் பொருள்.

“அந்தக் காலத்தில் மூன்று வயதுவரை கொடுத்தோமே” என்பார்கள் பாட்டிமார்கள். அன்று பிஸ்கட்டும் பாக்கெட் ஜூஸும் மணிக்கொரு தரம் குழந்தையின் கைக்கு வந்ததில்லை. பாலில் சீனிக்குப் பதில் கருப்பட்டியோ தேனோ கலந்தாலும் கிருமிக்கு அது சர்க்கரைதான். ஒரு வயதுக்குமுன் தேன் தரவே கூடாது. “விழப்போகிற பல்தானே” என்ற வாதமும் நிற்காது. பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை வேலை செய்பவை. அவை சொத்தையானால் வலியில் சாப்பாடும் தூக்கமும் கெடும். சீக்கிரமே விழுந்தால் நிலைப்பற்கள் இடமின்றிக் கோணலாகும்.

செய்யவேண்டியது கடினமில்லை. முதல் பல் தெரிந்ததுமே தினமும் இருமுறை, 1000 பிபிஎம் ஃபுளூரைடு உள்ள பற்பசையை ஓர் அரிசி அளவு தடவித் துலக்கலாம். குழந்தை விழுங்கிவிடுமே என்ற அச்சத்துக்கு விடை அந்த அரிசி அளவிலேயே இருக்கிறது. புட்டியோடு தூங்க வைக்காமல், முதல் பிறந்தநாளுக்குள் பல் மருத்துவரிடம் காட்டிவிட்டால், வெள்ளைப் புள்ளி நிலையிலேயே சொத்தையைத் தடுத்து நிறுத்த முடியும். இவை எதற்கும் தாய் பாலை நிறுத்தவேண்டியதில்லை. தூங்கவைக்கும் முன் பல் துலக்கிவிடும் வேலையை அப்பாவோ பாட்டியோ ஏற்றுக்கொண்டாலே பாதி பாரம் குறையும்.