பன்னிரண்டு கிளப்புகளும் பாமர ரஸிகர்களும்

நமது புதுக்கோட்டை ஜில்லாவில் வாடிவாசல்களுக்குப் பஞ்சமில்லை. தை பிறப்பதற்கு முன்பே தச்சங்குறிச்சியில் தொடங்கிவிடும் ஆரவாரம், கோடை வரையில் ஊர் ஊராகச் சுற்றி வரும். 2019-ம் வருஷம் விராலிமலையில் ஒரே நாளில் 1,300-க்கு மேற்பட்ட காளைகள் அவிழ்த்து விடப்பட்டன. அவற்றுள் பெரிய பண்ணை வீட்டுக் காளையும் உண்டு. கூலி வேலை செய்து, தன் வயிற்றைக் கட்டி, பருத்திக்கொட்டை வாங்கிப் போட்டு வளர்த்த ஏழைக் குடியானவனின் காளையும் உண்டு. வாசலைத் தாண்டிய பிறகு இரண்டுக்கும் ஒரே நியாயந்தான். பிடிபட்டால் பிடிபட்டதுதான், தப்பினால் பரிசு.

இப்போது வாசகர்கள் ஒரு விபரீதத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். பன்னிரண்டு தனவந்தர்கள் ஒன்று கூடி, "இனி எங்கள் காளைகளுக்கென்று தனி வாடிவாசல். ஏதோ நாலைந்து காளைகளை மட்டும் தயவு செய்து உள்ளே விடுவோம். எங்கள் காளை பிடிபட்டாலும் அடுத்த வருஷம் அதற்கு இடம் உண்டு, பரிசும் உண்டு" என்று தண்டோராப் போட்டால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? அன்று மாலையே அந்தத் தனவந்தர்களின் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிடும் அல்லவா?

ஐரோப்பாக் கண்டத்தின் கால்பந்து உலகத்தில் 2021-ம் வருஷம் நடந்தது இதுவேதான். ஏப்ரல் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு, ஊர் உறங்கப் போகும் நேரத்தில் ஓர் அறிக்கை வெளியாயிற்று. இங்கிலாந்தில் மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்ஸனல், செல்ஸீ, மான்செஸ்டர் ஸிட்டி, டாட்டன்ஹாம் ஆகிய ஆறும், ஸ்பெயினில் ரியால் மாட்ரிட், பார்ஸலோனா, அட்லெட்டிகோ மாட்ரிட் ஆகிய மூன்றும், இத்தாலியில் யுவெண்டஸ், மிலான், இண்டர் ஆகிய மூன்றுமாகப் பன்னிரண்டு கிளப்புகள் சேர்ந்து 'ஸூப்பர் லீக்' என்று ஒன்று காணப் போவதாக அதில் கண்டிருந்தது. மொத்தம் இருபது கிளப்புகள். அவற்றில் பதினைந்துக்கு நிரந்தர ஆசனம். தலைவர், ரியால் மாட்ரிட் கிளப்பின் அதிபரான புளோரெண்டினோ பெரஸ். பண உதவி, அமெரிக்காவின் ஜே. பி. மார்கன் பாங்கி. ஸ்தாபகக் கிளப்புகள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள 350 கோடி யூரோ தயாராக இருப்பதாகவும் சொல்லிக்கொண்டார்கள்.

நிரந்தர ஆசனம் என்ற சொல்லில்தான் வினை முழுவதும் இருந்தது. ஐரோப்பாவில் லீக் பந்தயம் ஓர் ஏணியைப் போன்றது. வருஷ முடிவில் கடைசியில் நிற்கும் கிளப்புகள் கீழ் வகுப்புக்கு இறங்கும். கீழ் வகுப்பில் முதலில் நிற்பவை மேலே ஏறும். சுரங்கத் தொழிலாளர் வசிக்கும் சிற்றூரின் கிளப்பும் தெய்வாதீனமாகப் பத்து வருஷத்தில் உச்சிக்கு வந்துவிடலாம். எவ்வளவு பெரிய கிளப்பானாலும் படுகுழியில் விழவும் கூடும். நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும்: முழுப் பரீட்சையில் தேறினால் மேல் வகுப்பு, இல்லையென்றால் அதே பெஞ்சு. பணம் கட்டியவன் பிள்ளைக்குப் பரீட்சையே வேண்டாம் என்றால் மற்றப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா?

ரஸிகர்கள் சும்மா இருக்கவில்லை. அப்போது பெருந்தொற்றுக் காலம். ஒரு வருஷமாகப் பெரும்பாலும் அவர்களை மைதானத்துக்குள் விடவில்லை. ஆகவே வாசலில் கூடினார்கள். திங்கட்கிழமையன்று லிவர்பூலுடன் ஆட இருந்த லீட்ஸ் கோஷ்டியார், கால்பந்து ரஸிகர்களுக்கே உரியது என்ற வாசகத்தைத் தங்கள் சட்டைகளில் பொறித்துக்கொண்டு ஒத்திகை செய்தார்கள். மறுநாள், அதாவது 20-ம் தேதி, லண்டனில் செல்ஸீ மைதானத்துக்கு வெளியே ஆயிரம் பேர் அளவில் திரண்டு, ஆட்டக்காரர்கள் வந்த பஸ்ஸை வழிமறித்தார்கள். அந்தக் கிளப்பின் பழைய கோல் காவலர் பீட்டர் செக் கூட்டத்தினிடையே வந்து, சற்று அவகாசம் கொடுக்கும்படி கெஞ்ச வேண்டியதாயிற்று. ஏழைகள் உண்டாக்கியதைப் பணக்காரர்கள் திருடிவிட்டார்கள் என்ற பொருள்பட எழுதிய துணிகள் பல ஊர்களில் தொங்கின. அன்றிரவு முடிவதற்குள் இங்கிலாந்தின் ஆறு கிளப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொண்டன. லிவர்பூல் அதிபர் ஜான் ஹென்றி ரஸிகர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். அறிக்கை வெளியாகிச் சுமார் இரண்டு நாட்களே ஆகியிருந்தன!

பார்ஸலோனாவிலும் மாட்ரிட்டிலும் இவ்வளவு கொந்தளிப்பு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியின் பெரிய கிளப்புகளோ ஆரம்பத்திலேயே சேர மறுத்துவிட்டன. அங்கே பெரும்பாலான கிளப்புகளில் வோட்டுரிமையின் பெரும்பகுதி அங்கத்தினர்களான ரஸிகர்களிடமே இருக்க வேண்டுமென்று விதி உண்டு. வீட்டுக்காரர்களைக் கேளாமல் வீட்டை விற்பது எப்படி? இவ்விஷயம் பிறகு நியாயஸ்தலத்துக்கும் போயிற்று. புதுப் பந்தயங்களுக்கு முன்கூட்டி அனுமதி பெற வேண்டுமென்று கால்பந்துத் தலைமை ஸ்தாபனங்கள் விதித்த முறை சட்டத்துக்குப் பொருந்தாது என்று ஐரோப்பிய உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்புக் கூறியது. சட்டம் ஒரு பக்கம், ஜனங்கள் ஒரு பக்கம் என்று நின்ற வேடிக்கையை அப்போது கண்டோம்.

"சீமைக்காரர் சண்டை நமக்கென்ன?" என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்லக் கூடியது ஒன்றுண்டு. நம் தேசத்தில் இதே நாடகம் அதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே, அரவமில்லாமல், அங்கம் அங்கமாக நடந்தேறியது. ஒரு வித்தியாசம்: ஐரோப்பாவில் தனவந்தர்களை எதிர்த்துத் தலைமை ஸ்தாபனம் நின்றது, இங்கே தலைமை ஸ்தாபனமே அவர்களுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தது.

அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2010 டிசம்பரில் ரிலையன்ஸ் கூட்டுறவில் ஏற்பட்ட ஒரு கம்பெனிக்கு வர்த்தக உரிமைகளைப் பதினைந்து வருஷத்துக்கு, 700 கோடி ரூபாய்க்கு, எழுதிக் கொடுத்தது. அதன் பயனாக 2014 அக்டோபரில் எட்டுக் கோஷ்டிகளுடன் இந்தியன் ஸூப்பர் லீக் பிறந்தது. சினிமா நட்சத்திரங்களும் கிரிக்கெட் வீரர்களும் கோஷ்டி முதலாளிகள். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஐ-லீக் என்னும் பழைய தேசிய லீக் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, புதியது விளக்கலங்காரத்தோடு ஜொலித்தது. நியாயமாகப் பேச வேண்டுமானால், முதல் வருஷமே சராசரி இருபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஒவ்வோர் ஆட்டத்தையும் நேரில் கண்டார்கள் என்பதை மறைக்கக் கூடாது. புல்தரை சீர்பட்டது; ஆட்டக்காரர்களுக்குக் கையில் நாலு காசு சேர்ந்தது; பெண்டு பிள்ளைகளுடன் குடும்பங்கள் மைதானத்துக்கு வந்தன. வந்த பணமெல்லாம் கெட்ட பணமென்று நாம் சொல்லவில்லை.

ஆனால் பழைய வீடு மெதுவாக இடியத் தொடங்கிற்று. ஐ-லீகைக் கீழே தள்ளும் யோசனையைக் கேட்டதும், 2016-ல் கோவாவின் ஸல்காவுக்கர், ஸ்போர்ட்டிங் என்ற இரு கிளப்புகளும் விலகிக்கொண்டன. ஐந்து முறை தேசிய லீகை வென்ற டெம்போவும் பின்தொடர்ந்தது. இந்த விலகலால் ஒரு விநோதமும் விளைந்தது. மிஜோராம் நாட்டின் ஐஸால் கிளப் அவ்வருஷம் கீழ் வகுப்புக்கு இறங்க வேண்டியது. காலியிடம் ஏற்பட்டதால் தப்பியது. அடுத்த பருவத்தில், 2017 ஏப்ரல் 30-ம் தேதி, ஷில்லாங்கில் தன் கடைசி ஆட்டத்தைச் சமமாக முடித்து, அந்தச் சின்னஞ்சிறு கிளப் தேசத்தின் சாம்பியனாயிற்று! மலைப் பாதையில் ஆயிரக்கணக்கான ரஸிகர்கள் பிரயாணம் செய்து போய் அதைக் கண்டார்கள். தலைமை லீகில் தங்களுக்கு இடம் கிடைக்காது போலிருப்பதைக் கண்ட ஐஸால் கிளப்பார், சாகும் வரை உண்ணாவிரதம் இருப்போம் என்று எச்சரித்தார்கள். காந்தி மகானின் ஆயுதத்தைக் கால்பந்துக்காக எடுக்க நினைத்தவர்கள் வேறெங்கும் இருந்ததாக நமக்குத் தெரியவில்லை.

தமிழ் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. பெயர் சென்னை ஸிட்டி; குடியிருந்ததோ கோயமுத்தூர். 2019 மார்ச் 9-ம் தேதி, கோயமுத்தூர் நேரு மைதானத்தில் முந்திய வருஷத்துச் சாம்பியனான மினர்வா பஞ்சாபுடன் கடைசி ஆட்டம். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடுகிறது. இங்கே தவறினால் பட்டம் அங்கே போய்விடும். ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே பஞ்சாபியர் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மான்ஸி பெனால்டியில் ஈடு செய்தார். தற்காப்பு வீரரான கௌரவ் போரா இரண்டு முறை தலையெடுத்து மூன்றுக்கு ஒன்று என்று முடித்தார். ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம்! ஆசியச் சாம்பியன் பந்தயத்தின் ஆரம்பச் சுற்றுக்கு வழிவிட்ட கடைசி ஐ-லீக் பட்டம் அதுதான். அவ்வருஷமே தேசத்தின் தலைமை லீக் என்ற அந்தஸ்து ஸூப்பர் லீகுக்குப் போய்விட்டது. ஐ-லீக் கிளப்புகள் பிரதம மந்திரிக்கே கடிதம் எழுதிப் பார்த்தன. ஜெயித்த சென்னை ஸிட்டிக்கு மேலே ஏற ஏணி இல்லை. 2020–21 பருவத்துக்குப் பின் ஐ-லீகிலும் அதன் பெயரைக் காணோம்.

அதற்காகக் கோயமுத்தூரில் யார் வீதிக்கு வந்தார்கள்? அந்த ஊர் ஜனங்களை நாம் குறை சொல்ல மாட்டோம். கிளப் அங்கே குடி வந்து ஒரு மாமாங்கம்கூட ஆகவில்லை. பாட்டனார் தோளில் உட்கார்ந்து பார்த்த கிளப்பென்றால் நெஞ்சு பதறும். முந்தாநாள் வந்த கிளப்பிடம் பிரியம் மட்டுமே உண்டாகும்.

கல்கத்தாவின் கதை வேறு. 1889-ல் தோன்றிய மோகன் பகான், 1911 ஜூலை 29-ம் தேதி, ஒருவர் தவிர மற்றெல்லாரும் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்தாரை இரண்டுக்கு ஒன்று என்று தோற்கடித்து ஐ.எப்.ஏ. கேடயத்தைப் பறித்தது. வெள்ளைக்காரனை வெல்ல முடியும் என்று ஒரு தேசத்துக்கே காட்டிய நாள் அது. அந்தப் புகழ்பெற்ற பெயருக்கு முன்னால், 2020-ல் ஏற்பட்ட இணைப்பின்படி, ஆறே வருஷ வயதுள்ள ஒரு கோஷ்டியின் எழுத்துக்களைக் கொண்டுபோய் ஒட்டினார்கள்: 'ஏ.டி.கே. மோகன் பகான்.' ரஸிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ஸூப்பர் லீகில் இடம் கிடைத்தது மகிழ்ச்சிதான். ஆனால் பாட்டனார் பெயருக்கு முன் கடைக்காரரின் இனிஷியலா? அந்த மூன்று எழுத்துக்களை எடு என்று மூன்று வருஷம் விடாமல் கோஷமிட்டார்கள். 2023 மார்ச் 18-ம் தேதி கிளப் ஸூப்பர் லீகை வென்ற இரவில், அடுத்த பருவத்தில் அவை நீக்கப்படும் என்று முதலாளி சஞ்சீவ் கோயங்கா அறிவித்தார்.

எதிர்க்கரையில் ஈஸ்ட் பெங்கால் ரஸிகர்கள் செய்ததோ லண்டன்காரர்களுக்கு நேர்மாறு. 2021 ஜூலை 21-ம் தேதி அவர்கள் தங்கள் கிளப் வாசலில் திரண்டார்கள். லண்டனில் ஸூப்பர் லீகை விட்டு வெளியே வா என்றார்கள். இங்கோ, முதலீட்டாளர் நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஸூப்பர் லீகில் நிலைத்திரு என்றார்கள். நிர்வாகிகளை ஆதரித்த வேறொரு கூட்டமும் அங்கே சேர, போலீஸார் தடியடி செய்யும்படி ஆயிற்று. இதைக் கேட்டுச் சிரிப்பதா, வருந்துவதா? வெளியே நின்றால் கிளப் செத்துப்போகும். உள்ளே போனால் நூறு வருஷத்துச் சொத்து அந்நியர் கைக்குப் போகும். லண்டன் ரஸிகனுக்கு அந்த நெருக்கடி இல்லை. அவனுடைய கிளப் பழைய லீகிலேயே ராஜபோகமாக வாழலாம். ஆகவே கோபத்தின் அளவைக் கொண்டு இவர்களுள் யார் உத்தமர் என்று நிறுக்க நாம் துணிய மாட்டோம்.

2023 முதல் ஐ-லீக் வெற்றியாளருக்கு மேலே ஏற வழி திறந்தது. அப்படிப் பஞ்சாபும் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் ஏறின. கீழே இறங்கும் விதியை 2024–25 வரை யார் மீதும் பிரயோகிக்கவில்லை. பிறகு 2025 டிசம்பரில் பதினைந்து வருஷ ஒப்பந்தம் காலாவதியாயிற்று. அதற்கு முன்பே, வழக்கமாகப் புரட்டாசியில் தொடங்கும் ஸூப்பர் லீக் அவ்வருஷம் தொடங்காமல் நின்றுவிட்டது. வர்த்தக உரிமைக்கு டெண்டர் கேட்டார்கள், ஒருவரும் வரவில்லை. விளக்குகள் அணைந்து கிடந்த அந்த மாதங்களில், அக்டோபர் 18-ம் தேதி, கல்கத்தாவில் ஒரு பழைய பந்தயத்தின் முடிவாட்டம் நடந்தது. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக நின்று, பெனால்டி உதைகளில் மோகன் பகான் வென்றது. கிடைத்த பரிசு, 1911-ல் வெறுங்காலோடு வாங்கிய அதே ஐ.எப்.ஏ. கேடயம்.