புளூ பாட்டில் கொட்டினால் ஐஸ் வேண்டாம்

மழைக்காலத்தில் மும்பை ஜுஹு கடற்கரையில் நீலநிறத்தில் ஊதிவிட்ட பிளாஸ்டிக் பை போல ஒன்று ஒதுங்கிக் கிடக்கும். அழகாக இருக்கிறதே என்று குழந்தைகள் கையில் எடுப்பார்கள். அடுத்த நொடி அலறல்தான். 2018 ஆகஸ்டில் இப்படிப் பலர் கொட்டு வாங்கியது செய்தியானது. இதன் பெயர் புளூ பாட்டில். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் 10,000 பேருக்கு மேல் இதனிடம் கொட்டு வாங்குகிறார்கள். அட்லாண்டிக்கில் மிதக்கும் இதன் பெரிய உறவுக்கு ‘போர்ச்சுகீசியப் போர்க்கப்பல்’ என்று பெயர்.

பார்த்தால் ஜெல்லி மீன்தான் என்று தோன்றும். ஆனால் இது ஒற்றை உயிரி அல்ல, பல சிற்றுயிர்கள் ஒட்டிப் பிறந்த கூட்டம். மிதக்கும் பை ஒன்று, இரை செரிப்பவை சில, இனம் பெருக்குபவை சில, கொட்டுபவை சில. எதுவும் தனியாகப் பிழைக்காது. நீந்தவும் தெரியாது, காற்று தள்ளும் பக்கம் போகும். அதனால்தான் கரை நோக்கிக் காற்று வீசும் நாட்களில் கூட்டங்கூட்டமாக ஒதுங்குகிறது.

கீழே தொங்கும் விழுதுகளில்தான் விஷம். பெரிய வகையில் அவை 30 மீட்டர் வரைகூட நீளும். விழுதெங்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்பைகள். ஒவ்வொன்றிலும் சுருண்ட நுண்குழல் ஒன்று இருக்கும். தோல் பட்டதும் அது பாய்ந்து விஷத்தை ஏற்றிவிடும். இதற்கு உயிரின் உத்தரவு தேவையில்லை. செத்துக் கரையில் காய்ந்து கிடந்தாலும், அறுந்த துண்டாக இருந்தாலும் கொட்டும்.

கொட்டிய இடத்தில் சாட்டையடி பட்டதுபோல் சிவந்த தடிப்பு எழும், எரியும். உடனே ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள்: மணலைப் போட்டுத் தேய், எலுமிச்சை பிழி, சிறுநீர் விடு. மணல் தேய்ப்பது மிச்ச நுண்பைகளையும் வெடிக்க வைக்கும். சிறுநீர் வைத்தியத்தை அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ‘ஃபிரெண்ட்ஸ்’ 1997இல் ஊரெல்லாம் பரப்பியது. அதனால் பலன் கிடையாது, சங்கடம்தான் மிச்சம்.

ஐஸ் வைப்பது இவற்றைவிட நியாயமாகத் தெரியும். ஆனால் 2006இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஆய்வில் கொட்டு வாங்கிய 96 பேரில் ஒரு பகுதியினருக்கு 45 டிகிரி வெந்நீரும் மற்றவர்களுக்கு ஐஸும் கொடுத்துப் பார்த்தார்கள். 20 நிமிடத்தில் வெந்நீர்க்காரர்களில் 87 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது. ஐஸ் வைத்தவர்களில் 33 சதவீதம் பேருக்குத்தான்.

ஆகவே ஒட்டியிருக்கும் விழுதைக் கையுறை அணிந்தோ சாமணத்தாலோ எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் 20 நிமிடம் வையுங்கள். சூட்டைக் கொட்டுப்படாதவர் தன் கையில் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கொட்டிய இடம் வலியில் இருக்கும்போது சூடு அதிகமானது தெரியாமல் வெந்து கொப்புளம் வந்துவிடலாம்.

வினிகர் விஷயத்தில்தான் சண்டை. வட ஆஸ்திரேலியக் கடலில் ஆளைக் கொல்லும் பாக்ஸ் ஜெல்லி மீனுக்கு வினிகர் ஊற்றியே ஆக வேண்டும். புளூ பாட்டிலுக்கு அது வேண்டாம் என்பது அந்நாட்டு முதலுதவி வழிகாட்டி. ஆனால் ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்கேற்ற 2017 ஆய்வு, போர்ச்சுகீசியப் போர்க்கப்பலுக்கும் வினிகர் உதவுகிறது என்றது. ஒருவேளை உயிரினமே வேறு வேறோ என்னவோ. கொட்டியது எது என்று தெரிந்து வைத்தியம் செய்வதே உத்தமம். வெந்நீரில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடில்லை.

வலி பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். அபூர்வமாக அது ஒவ்வாமையாக முற்றுவதும் உண்டு. அந்த ஒவ்வாமையைக் கண்டறிந்த கதை இந்த உயிரியிலிருந்துதான் தொடங்கியது. 1901இல் மொனாக்கோ இளவரசரின் ஆய்வுக் கப்பலில் போர்ச்சுகீசியப் போர்க்கப்பலின் விஷத்தைச் சோதிக்கத் தொடங்கியவர்கள் போர்ட்டியே, ரிஷே என்ற இரு விஞ்ஞானிகள். பாரிஸ் திரும்பியதும் கடல் சாமந்தியின் விஷத்தை நாய்களுக்குச் செலுத்தினார்கள். முதல் ஊசியில் பிழைத்த நாய், சில வாரம் கழித்துக் கொடுத்த அடுத்த ஊசியில் செத்துப்போனது. இந்த அதிதீவிர ஒவ்வாமைக்கு ‘அனாஃபிலாக்சிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. கடற்கரையில் இந்தச் சங்கதிக்கு என்ன வேலை என்றால், மூச்சுத் திணறல், உதடு வீக்கம், மயக்கம், மார்பில் வலி வந்தால் வெந்நீருக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். முன்பே ஒருமுறை கொட்டு வாங்கியவர் இதில் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது.