ஸ்டார்ட் ஆகும், ஸ்லோவில் நிற்காது!

காலையில் கடைக்குக் கிளம்புகிறோம். சாவியைத் திருப்பியதும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், இரண்டு முறை குலுங்கி நின்றுவிடுகிறது. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, கார்புரேட்டர் வைத்த மாருதி 800, ஆம்னி ஆகியவற்றைச் சரக்கு எடுக்கவும் வசூலுக்குப் போகவும் இன்றும் வைத்திருக்கும் வணிகப் பெருமக்களுக்கு இது பழகிய தொல்லைதான்.

இதில் பணத்தை விட்டவர்களில் நாமும் ஒருவர். தீபாவளிக்கு முந்தைய வாரம், பின் சீட் நிறையச் சரக்கோடு மேம்பாலம் ஏறும்போது நம் மாருதி நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி ஓரடி இடைவெளியில் பிரேக் போட்டது. அன்றே ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். முதலில் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், சரியாகவில்லை. பிறகு கார்புரேட்டரையே புதிதாக மாற்றினார்கள், அப்போதும் சரியாகவில்லை. கடைசியில் வயதான மெக்கானிக் ஒருவர் பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டார். "கார்புரேட்டர் மேல தப்பில்லை முதலாளி, காத்து இழுக்குது" என்றார். மேனிபோல்டில் சொருகியிருந்த விரல் நீள ரப்பர் குழாய் வெடித்திருந்தது. அதை மாற்ற ஆன செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான்!

ஏன் இப்படி ஆகிறது? ஓடும்போது என்ஜினுக்குப் பெட்ரோல் தருவது மெயின் ஜெட். காலை எடுத்ததும் திராட்டில் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். அப்போது ஸ்லோ ஜெட் என்னும் ஊசித் துளை வழியாகத்தான் பெட்ரோல் வரவேண்டும். அதில் ஒரு தூசி அடைத்தாலும், வேறு வழியாகக் கொஞ்சம் காற்று உள்ளே புகுந்தாலும் கலவை கெட்டுவிடும். வேகத்தில் இதே காற்றுக் கசிவு வெளியே தெரியாது. ஆகவே நன்றாக ஸ்டார்ட் ஆகி, காலை அழுத்தினால் சீராக ஓடும் வண்டிக்கு உடனே என்ஜின் வேலை என்று யாராவது சொன்னால், உறுப்பினர்கள் சற்று நிதானிக்க வேண்டும்.

சோக் குமிழ் உள்ள வண்டியில் நாமே ஒரு சோதனை செய்யலாம். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வெட்டவெளியில் செய்யவேண்டும். ஷட்டர் மூடிய குடோனுக்குள் கூடாது, புகை உயிருக்கு ஆபத்து. என்ஜின் சூடான பிறகு சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். வண்டி நிதானமாக நின்றால் பெட்ரோல் குறைவு அல்லது காற்று அதிகம் என்று பொருள். மாறாக இன்னும் மோசமாகி, சைலன்ஸரில் கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகுதி. ஃப்ளோட் நீடில் கசிகிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

காற்றுக் கசிவுதான் என்று தோன்றினால் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பாருங்கள். ஒன்றை நசுக்கியதும் என்ஜின் சத்தம் சீரானால் திருடன் அகப்பட்டான். மேனிபோல்டு இணைப்பில் சோப்புத் தண்ணீரைச் சில சொட்டு விட்டும் பார்க்கலாம். சில இடங்களில் பெட்ரோலை ஊற்றிப் பார்க்கிறார்கள். நம் கண் முன்னே அப்படிச் செய்ய விடாதீர்கள், சூடான என்ஜினில் தீப்பிடிக்கும்.

பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் அந்தக் குழாயையும் விடக்கூடாது. அங்கே கசிந்தால் ஸ்லோவும் போகும், பிரேக்கும் கல்லாகும். என்ஜினை நிறுத்திவிட்டு பிரேக்கை ஐந்தாறு முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்த வண்டியைச் சரி செய்யும்வரை எடுக்காதீர்கள்.

சில கார்புரேட்டர்களில் ஸ்லோ வழியைத் திறக்க ஒரு சிறு சோலனாய்டு உண்டு. சாவியைத் திருப்பும்போது 'டிக்' என்று கேட்கவேண்டும். அதன் வயர் கழன்றிருந்தாலே போதும், வண்டி ஸ்லோவில் நிற்காது. பாயிண்ட், பிளக், டேப்பட் ஆகியவையும் காரணமாகலாம். அம்பாசிடரின் பழைய பெட்ரோல் என்ஜினில் பாயிண்ட் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. தேய்ந்த பாயிண்டில் அதைச் சரியாக வைக்க முடியாது, மாற்றிவிடுவதே மேல்.

இப்போது பெட்ரோலும் பழைய பெட்ரோல் அல்ல. 2022-இல் 10 சதவீதமாக இருந்த எத்தனால் கலப்பு 2025-இல் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய ஜெட் அளவில் கலவை மெலிந்துபோகும். பழைய ரப்பர் குழாய்களும் பம்ப் டயஃபிரமும் சீக்கிரம் கெடும். அது ஈரத்தையும் இழுக்கும். ஆகவே மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டியில் பெட்ரோலைத் தேங்கவிடாமல் இருப்பது நல்லது.

பல டிரைவர்கள் வேறொன்று செய்கிறார்கள். ஸ்லோ ஸ்க்ரூவைத் திருகி ஏற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்பார்கள். பெட்ரோல் வீணாகும், கிளட்ச் தேயும், கசிவு அப்படியே இருக்கும். ஸ்க்ரூவைத் தொடுவது கோளாறு நீங்கிய பிறகுதான்.

ஒர்க்‌ஷாப்பில் விடும்போது "ஓடவில்லை" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். காலையில் எப்படி, சூடான பிறகு எப்படி, சோக் இழுத்தால் எப்படி என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமானை பில்லோடு கேட்டு வாங்குங்கள். நம்முடைய பழைய கார்புரேட்டரை நாம் கேட்டபோது, அதை எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.